கொட்டானின் விலையில் கூலி எங்கே?

2025-26ஆம் நிதியாண்டுக்கு, நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேர வேலை என்று கொண்டால் மணிக்கு 42 ரூபாய். குளம் தூர்வாரவும் வரப்பு போடவும் முன்பயிற்சி எதுவும் கேட்காமல் தரப்பட்ட கூலி இது. வீட்டிலிருந்தபடி கையால் பொருள் செய்து இணையத்தில் விற்பவர்களும், விற்கலாமா என்று யோசிப்பவர்களும் இந்த 42 என்ற எண்ணைத் தங்கள் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். படம் எடுப்பது எப்படி, ரீல்ஸ் போடுவது எப்படி, ஃபாலோயர்களைக் கூட்டுவது எப்படி என்று சொல்லித்தர ஏராளமான வீடியோக்கள் இருக்கின்றன. அவை எல்லாமே விற்பனையைப் பெருக்குவதைப் பற்றிப் பேசுபவை. ஆனால் ஒரு சிறு கைவினைக் கடை, ஆர்டர் வந்துகொண்டிருக்கும்போதே சோர்ந்து நின்றுபோவதற்கு அடிப்படையான காரணம் பெரும்பாலும் விலையில்தான் இருக்கிறது. பொருளின் விலைக்குள் அதைச் செய்தவரின் கூலி இல்லை. கூலி இல்லாத விலையில் விற்பனை இரண்டு மடங்கானால் நட்டமும் இரண்டு மடங்காகும். அது பணமாகத் தெரியாமல் தூக்கமின்மையாகவும் கழுத்து வலியாகவும் தெரியும் என்பதால் கணக்கில் வராமலே போய்விடுகிறது.

செட்டிநாட்டுக் கொட்டானை எடுத்துக்கொள்வோம். காரைக்குடிப் பக்கத்தில் திருமணச் சீருக்கும் தாம்பூலத்துக்கும் பயன்பட்டு, பின்பு ஏறக்குறைய மறைந்துபோய், மீட்டெடுக்கப்பட்டு, புவிசார் குறியீடும் பெற்ற பனையோலைக் கூடை அது. முடைவது ஒன்றுதான் வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். முடையத் தொடங்குவதற்கு முன்பே பாதி வேலை நடந்து முடிந்திருக்க வேண்டும். குருத்தோலையை வாங்கிக் காயவைக்க வேண்டும். ஈர்க்கு நீக்கி ஒரே அகலத்தில் கிழிக்க வேண்டும். சாயத்தில் கொதிக்கவைத்து மீண்டும் உலர்த்த வேண்டும். முடையும்போது ஓலை ஒடியாமலிருக்க ஈரப் பதம் பார்க்க வேண்டும். மழைக்காலம் என்றால் ஓலை காயாது, காய்ந்த ஓலையிலும் பூசணம் பிடிக்கும். கூடை முடிந்த பிறகு இணையக் கடையின் வேலை வேறு இருக்கிறது. வெளிச்சம் சரியாக விழும் நேரம் பார்த்துப் படமெடுக்க வேண்டும். ‘விலை என்ன?’, ‘வேறு கலர் இருக்கிறதா?’, ‘கொஞ்சம் குறைக்க முடியுமா?’ என்று வரும் செய்திகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கேட்பவர்களில் பலர் வாங்குவதில்லை. அவர்களுக்குப் பதில் சொன்ன நேரத்தையும் வாங்குகிறவரின் பொருள்தான் சுமந்தாக வேண்டும். பிறகு அட்டைப்பெட்டி தேடிக் கட்டி, முகவரி எழுதி, கூரியர் ஆபீசுக்கோ தபால் நிலையத்துக்கோ போய்வர வேண்டும்.

இதை எண்ணாக மாற்றிப் பார்க்கலாம். பின்வருபவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். ஒவ்வொருவரும் தங்கள் எண்ணை இட்டுப் பார்க்க வேண்டும். நடுத்தர அளவுள்ள ஒரு கொட்டானுக்கு ஓலை, சாயம், நூல் ஆகியவற்றுக்கு 60 ரூபாய். பெட்டி, பப்பிள் ராப், டேப்புக்கு 25 ரூபாய். சாயம் பிசகியது, வழியில் நசுங்கியது போன்ற சேதங்களின் பங்கு 15 ரூபாய். ஆக 100 ரூபாய் கையைவிட்டுப் போகிறது. முடைய மூன்றரை மணி நேரம், ஓலையைப் பக்குவப்படுத்தியதில் இந்தக் கூடைக்கு வரும் பங்கு ஒரு மணி நேரம், படம், பதில், பேக்கிங், அனுப்புதல் எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். மொத்தம் ஐந்தேகால் மணி. கூரியர் கட்டணத்தை வாங்குபவரே தனியாகத் தந்துவிடுகிறார் என்று வைத்து, இந்தக் கொட்டானை 250 ரூபாய்க்கு விற்றால் கையில் நிற்பது 150. ஐந்தேகாலால் வகுத்தால் மணிக்கு 28 ரூபாய் சொச்சம். நூறு நாள் வேலையின் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு! கற்றுக்கொள்ளவே பல மாதம் பிடிக்கும் ஒரு கைத்திறனுக்கு, எந்தத் திறனும் கேட்காத வேலையைவிடக் குறைந்த கூலி. விற்றவரோ, 60 ரூபாய்ப் பொருளை 250க்கு விற்றோம், நான்கு மடங்கு லாபம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். மூலப்பொருளின் விலையை இரண்டால் பெருக்கு, மூன்றால் பெருக்கு என்று சொல்லித்தரும் சூத்திரங்கள் ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். வெள்ளி மோதிரம் செய்பவருக்கு மூலப்பொருளே பெருஞ்செலவு. ஓலை முடைபவருக்கும் குரோஷே பின்னுபவருக்கும் நேரம்தான் பெருஞ்செலவு. இருவருக்கும் ஒரே பெருக்கல் எப்படிப் பொருந்தும்?

அதே கொட்டானுக்கு மணிக்கு 60 ரூபாய் கூலி வைத்துக் கணக்குப் போடுங்கள். 60 ரூபாய் ஒன்றும் ஆடம்பரமான கூலி இல்லை. ஐந்தேகால் மணிக்கு 315 ரூபாய்; செலவு 100ஐச் சேர்த்தால் 415. இதோடு நிறுத்தினால் கூலி மட்டும் கிடைக்கும், கடை வளராது. ஓலை மலிவாகக் கிடைக்கும் பருவத்தில் மொத்தமாக வாங்கிவைக்க, ஆர்டர் வராத மாதத்தைத் தாண்ட, ஃபோன் பழுதானால் மாற்ற என்று கடைக்கும் ஒரு பங்கு வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு, 83 ரூபாய் என்று வைத்தால் விலை கிட்டத்தட்ட 500 ரூபாய்க்கு வந்து நிற்கும். 250க்கும் 500க்கும் உள்ள இந்தத் தூரத்தைப் பார்த்துத்தான் விற்பவர்கள் பயப்படுகிறார்கள். பயத்தில் அவர்கள் எழுப்பும் கேள்விகள் நியாயமானவை என்பதால் ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் வருவது, ‘வீட்டு வேலை முடிந்து சும்மா இருக்கும் நேரத்தில்தான் செய்கிறேன், அந்த நேரத்துக்கு எதற்குக் கூலி?’ என்ற கேள்வி. பெரும்பாலும் பெண்கள் சொல்வது இது. அவர்களைச் சுற்றியுள்ளவர்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். பொழுதுபோக்காகச் செய்து உறவினருக்குப் பரிசாகக் கொடுப்பதுவரை இந்த வாதத்தில் தவறில்லை. விலை எழுதி இணையத்தில் போட்ட கணத்தில் நிலைமை மாறிவிடுகிறது. அதே திரையில், அதே மாதிரிக் கூடையை, அதையே நம்பிக் குடும்பம் நடத்தும் இன்னொரு பெண்ணும் விற்கிறார். கூலி சேர்க்காத 250 ரூபாய் விலையைப் பார்த்த வாடிக்கையாளர் அவரிடம் போய், ‘அங்கே பாதி விலைக்குக் கிடைக்கிறதே’ என்பார். ஒருவர் இலவசமாகத் தரும் நேரம் இன்னொருவரின் கூலியை வெட்டுகிறது. இதைவிட நேரடியான ஆபத்து ஒன்றும் உண்டு. கடைக்கு நல்ல பெயர் கிடைத்து, ஒருவரால் செய்து முடிக்க முடியாத அளவுக்கு ஆர்டர் வரும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணை உதவிக்கு அழைக்க வேண்டியிருக்கும். அவர் இலவசமாக முடையமாட்டார். முடையச் சொல்வதும் அறமில்லை. அவருக்குக் கொடுக்கக் கூலி எங்கிருந்து வரும்? விலையில் அது வைக்கப்படவே இல்லை. அன்றைக்கு விலையைத் திடீரென இரண்டு மடங்காக்கவும் முடியாமல், ஆளும் வைக்க முடியாமல், இரவெல்லாம் தானே விழித்து முடைந்து, சில மாதங்களில் கடையை மூடுவதுதான் மிச்சம். இன்றைக்குத் தனியாகச் செய்தாலும், நாளைக்கு இன்னொருவரைக் கூலிக்கு வைத்துச் செய்தால் கட்டுபடியாகுமா என்று கேட்டு விலை வைப்பதே சரி.

இரண்டாவது, எல்லோர் வாயிலும் வருவது: விலையை ஏற்றினால் யார் வாங்குவார்கள்? மீஷோவில் 150 ரூபாய்க்குக் கூடை கிடைக்கிறதே? இந்தக் கேள்விக்கு வயது தொண்ணூறு ஆகிறது. 1925இல் காந்தி தொடங்கிய அகில இந்திய சர்க்கா சங்கம், கிராமத்துப் பெண்கள் நூற்ற நூலை வாங்கிக் கதர் நெய்து விற்றது. மில் துணியைவிட விலை மிக அதிகமாகிவிடக் கூடாது என்பதற்காக நூற்பவருக்குக் கொடுத்த கூலி மிகச் சொற்பமாக இருந்தது. 1935இல் காந்தியே இதைக் கேள்வி கேட்டார். எட்டு மணி நேர நூற்புக்கு எட்டணா கிடைக்க வேண்டும் என்பது அவர் வைத்த இலக்கு. அந்த ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய சங்கம், நூற்பவருக்குக் குறைந்தபட்ச உணவுக்கும் உடைக்கும் போதுமான அளவில் கூலியைத் திருத்தத் தீர்மானம் போட்டது. விலை ஏறினால் கதர் விற்காது, விற்காவிட்டால் நூற்பவருக்கு உள்ள வேலையும் போகும் என்ற எதிர்ப்பு கதர் ஊழியர்களிடமிருந்தே வந்தது. இன்றைய சிறு விற்பனையாளர் சொல்வதும் அதே வார்த்தைகள்தாம். எட்டணா இலக்கை நடைமுறையில் எட்ட முடியவில்லை என்பதும், கூலி படிப்படியாகவே உயர்ந்தது என்பதும் உண்மை. இருந்தாலும் காந்தி அன்று கண்ட விஷயம் கணக்களவில் மறுக்க முடியாதது: மலிவில் மில்லோடு போட்டியிட்டுக் கதர் ஒருநாளும் ஜெயிக்க முடியாது, போட்டியிட முயன்றால் வெட்ட முடிகிற ஒரே செலவு நூற்பவரின் கூலிதான். இயந்திரத்தில் அச்சாகும் 150 ரூபாய்ப் பிளாஸ்டிக் கூடையோடு பனையோலைக் கொட்டான் விலையில் போட்டியிட்டால் என்ன வெட்டப்படும் என்பதும் அதே கணக்குத்தான்.

அப்படியானால் 500 ரூபாய் கொடுக்க ஒருவர் ஏன் முன்வர வேண்டும்? கடைவீதியில் கூடையை எடுத்துப் பார்ப்பவர் விளிம்பைத் தடவுகிறார், அடியைத் திருப்பிப் பார்க்கிறார், கையில் எடை பார்க்கிறார். திரையில் பார்ப்பவருக்கு இந்த வசதி எதுவும் இல்லை. அவர் கண்ணுக்கு 150 ரூபாய்க் கூடையும் 500 ரூபாய்க் கூடையும் ஒரே அளவுள்ள இரண்டு சதுரப் படங்கள். ஆகவே கைவினைக் கடையின் படமும் விவரமும் செய்ய வேண்டிய முதன்மையான வேலை, அந்தப் பொருளுக்குள் போன நேரத்தைக் கண்ணுக்குக் காட்டுவது. பூ, துணி, மெழுகுவர்த்தி வைத்து அலங்கரித்த படத்தைவிட, விளிம்பு முடிச்சை மிக அருகில் எடுத்த படம் அதிகம் பேசும். உள்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் காட்ட வேண்டும். அளவு புரிய ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பக்கத்தில் வைக்கலாம். நம் ஊரில் அதன் உயரம் தெரியாதவர் இல்லை. சாயமேற்றிய ஓலை கொடியில் காய்வதையும் பாதி முடைந்த கூடையையும் காட்டலாம். ‘அழகிய கைவேலைப்பாடு’ என்று எழுதுவதற்குப் பதில் ‘முடைய மூன்றரை மணி நேரம், அதற்கு முன் ஓலை பதப்படுத்த இரண்டு நாள்’ என்று எழுத வேண்டும். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் சொல்ல வேண்டும். எவ்வளவு எடை தாங்கும், தண்ணீர் பட்டால் என்ன ஆகும், வெயிலில் சாயம் மங்குமா என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். விலையைத் திறந்து எழுத வேண்டும். ‘விலைக்கு டிஎம் செய்யவும்’ என்று போடுபவர்கள் ஆர்வத்தைத் தூண்டுவதாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் பேரத்துக்கு அழைப்பு விடுக்கிறார்கள். பேரம் பேசிக் கழியும் நேரமும் கூலியில்லாத நேரமே. இவ்வளவும் செய்தபின்பும் சிலர் வாங்காமல் போவார்கள். அது இழப்பில்லை. 250 ரூபாய்க்கு இருபது விற்பதும் 500 ரூபாய்க்கு எட்டு விற்பதும் ஒன்றா என்று பாருங்கள்: இருபது விற்றால் 105 மணி நேர உழைப்புக்கு 3,000 ரூபாய் நிற்கும், எட்டு விற்றால் 42 மணி நேரத்துக்கு 3,200 நிற்கும்.

‘முதலில் குறைந்த விலைக்குக் கொடுத்துப் பெயர் வாங்கிவிட்டுப் பிறகு ஏற்றலாம்’ என்ற யோசனை புத்திசாலித்தனமாகத் தோன்றும். மலிவுக்காக வந்தவர் மலிவு தீர்ந்ததும் போய்விடுவார் என்பதுதான் சிக்கல். புதிய விலைக்குப் புதிய வாடிக்கையாளரை மறுபடி தேட வேண்டும், பழைய விலையைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்பவர்களுக்குப் பதிலும் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் விலை தாழ்வாக இருந்தாக வேண்டும் என்றால், கூலியை வெட்டாமல் மணி நேரத்தை வெட்டுவதே வழி. ஒரு மணி நேரத்தில் முடியும் சிறு ஓலைப்பெட்டியோ கிலுகிலுப்பையோ முழுக் கூலியோடும் 130, 140 ரூபாய்க்குள் அடங்கும். பத்துக் கூடைக்கான ஓலையை ஒரே நாளில் கிழித்துச் சாயமிட்டால் தனித்தனியாகச் செய்வதைவிட நேரம் மிச்சம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பார்சல் அனுப்புவது என்று அறிவித்துவிட்டால் கூரியர் ஆபீசுக்கு நடக்கும் நடை குறையும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் பதில்களைச் சேமித்துவைக்கலாம். எதில் நேரம் போகிறது என்று தெரிந்தால்தானே இதையெல்லாம் செய்ய முடியும்? இரண்டு வாரம், கூச்சப்படாமல், ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் எழுதிவர வேண்டும். நினைவிலிருந்து சொல்லும் நேரம் எப்போதும் குறைவாகத்தான் வரும்.

அனுப்பும் செலவில் பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கூரியர் நிறுவனங்கள் பார்சலின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுத்து வருகிற எண்ணைக் கிலோவாகக் கொண்டு, அதற்கும் உண்மையான எடைக்கும் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகிறார்கள். 20 சென்டிமீட்டர் கனசதுரப் பெட்டிக்குள் போகும் கொட்டான் தராசில் 200 கிராம்தான் இருக்கும். பெருக்கி வகுத்தால் 1.6 கிலோ. பக்கம் 30 சென்டிமீட்டர் என்றால் 5.4 கிலோ! காற்றை அனுப்புவதற்குக் காசு கட்டுகிறோம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று கொட்டான்களை ஒரு செட்டாக விற்றால், ஒரே பெட்டி மூன்று விலையைச் சுமக்கும். சுருட்டி அனுப்ப முடிகிற பத்தமடைப் பாய், மடித்து உறையில் போட முடிகிற எம்பிராய்டரித் துணி, உள்ளங்கையில் அடங்கும் சுடுமண் கம்மல் ஆகியவை இணையக் கடைக்கு இயல்பாகவே ஏற்றவை. எதைச் செய்து விற்பது என்று தீர்மானிக்கும்போதே அது எந்தப் பெட்டிக்குள் போகும் என்றும் யோசித்துவிட வேண்டும். கேஷ் ஆன் டெலிவரியைப் பற்றி ஒரே வார்த்தை: ஆர்டரின்பேரில் கையால் செய்யும் பொருளுக்கு அது வேண்டாம். கதவைத் தட்டும்போது வாங்க மறுத்துவிட்டால் போகவர இரண்டு கட்டணமும் செய்தவர் தலையில் விழும். யூபிஐயில் முன்பணம் பாதி, அனுப்பும்முன் மீதி என்று தெளிவாகச் சொல்லிவிடலாம்.

பெரிய தளங்களில் விற்பவர்கள் கமிஷனைக் கணக்கிடும் விதத்திலும் பிழை நேர்கிறது. கமிஷன் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 17.7. கையில் 500 நிற்க வேண்டும் என்பவர் 500இல் 17.7 சதவீதத்தைக் கூட்டி 588 ரூபாய் 50 காசு என்று விலை வைக்கிறார். தளம் அந்த முழு விலையிலிருந்து 17.7 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும்; கையில் நிற்பது 484 ரூபாய் சொச்சம். 500ஐ 0.823ஆல் வகுத்து 608 என்று வைத்திருக்க வேண்டும். பதினாறு ரூபாய்தானே என்று தோன்றலாம், அது ஒரு கால் மணி நேரக் கூலி. மேலும் தளத்தின் கட்டணம் நம் கையில் இல்லை. கைவினைப் பொருள்களுக்காகவே 2005இல் அமெரிக்காவின் புரூக்ளினில் தொடங்கிய எட்ஸி, ஒவ்வொரு விற்பனையிலும் 3.5 சதவீதம் எடுத்துக்கொண்டிருந்தது. 2018இல் அதை 5 ஆக்கியது, 2022 ஏப்ரலில் 6.5 ஆக்கியது. விற்பனையாளர்கள் ஆயிரக்கணக்கில் ஒரு வாரம் கடையடைப்புப் போராட்டம் நடத்தியும் உயர்வு அப்படியே நீடித்தது. வெளிநாட்டு விற்பனைக்கு அரசுகளின் முடிவும் ஒரு காரணி. 800 டாலர் வரையிலான சிறு பார்சல்களுக்கு இருந்த சுங்க விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நீக்கியது. அந்த நாள்களில் நம் அஞ்சல் துறையே அமெரிக்காவுக்கான பெரும்பாலான பார்சல்களைச் சில வாரங்கள் நிறுத்திவைக்க நேர்ந்தது. இப்படிப்பட்ட அடிகளைத் தாங்கும் இடம் விலைக்குள் இருந்தால்தான் கடை நிற்கும். வாங்கியவர்களின் பட்டியலை, அவர்கள் சம்மதத்தோடு, தளத்துக்கு வெளியே தானே வைத்திருப்பதும் அவசியம்.

மொத்த ஆர்டர் ஒரு இனிப்பான பொறி. கல்யாணத்துக்கு ரிட்டர்ன் கிஃப்ட், நூறு தாம்பூலக் கொட்டான், ‘பாதி விலைக்குப் போட்டுக்கொடுங்கள்’ என்று கேட்பார்கள். தொழிற்சாலையில் நூறு செய்யும்போது ஒன்றின் செலவு வெகுவாகக் குறையும். கையில் முடைவதற்கு நூறாவது கொட்டானுக்கும் மூன்றரை மணி நேரம்தான். குறைவது எது என்று தனியாகப் பார்க்க வேண்டும்: ஒரே வாடிக்கையாளர் என்பதால் படமும் பதிலும் அனுப்புதலும் முக்கால் மணியிலிருந்து பத்து நிமிடமாகும், ஓலை பதப்படுத்துவதில் ஒரு கால் மணி மிச்சமாகலாம். கூடைக்கு ஐம்பது நிமிடம், அதாவது 50 ரூபாய். அந்த ஐம்பதை மனமுவந்து குறைத்து 450க்குக் கொடுக்கலாம். 250க்கு ஒப்புக்கொண்டால் நூறு கொட்டானுக்கு 440 மணி நேரம் உழைத்து நட்டத்தைச் சம்பாதிப்பதாகும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அதுவும் செலவில் சேர்வது என்பதால். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. இணையத் தளங்கள் வழியே விற்றால் தொகை எவ்வளவு சிறிதானாலும் பதிவு கட்டாயம் என்றிருந்த நிலை, 2023 அக்டோபர் 1 முதல் மாநிலத்துக்குள் விற்பவர்களுக்குத் தளர்ந்தது. அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்கு மாநில எல்லை தாண்டுவதிலும் சில சலுகைகள் உண்டு. தங்கள் பொருளும் விற்கும் முறையும் அதில் வருமா என்று ஓர் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. சோப்பு, கூந்தல் தைலம், முகப்பூச்சு செய்பவர்களுக்கு அழகுப்பொருள் தயாரிப்பு உரிமம் வேண்டும். ‘ஹோம்மேட்’ என்று எழுதிவிட்டால் சட்டம் விலகிக்கொள்ளாது. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் பிஐஎஸ் முத்திரை கட்டாயம். ஆனால் மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவுசெய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. கைவினைஞர் அடையாள அட்டையை வாங்கிவைத்துக்கொள்ள இது ஒன்றே போதுமான காரணம்.

கடைசியாக ஒரு மறுப்பு, இருப்பவற்றில் மிகக் கனமானது. இப்படி விலை வைத்தால், கொட்டான் முடைபவரின் பக்கத்து வீட்டுக்காரரே அதை வாங்க முடியாது. கைவினைப் பொருள் பணக்கார வரவேற்பறையின் அலங்காரமாகிவிடும். இது உண்மை, இதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்த ஓலைப்பெட்டி இன்று சிலர் வீட்டில் மட்டும் இருப்பது வருத்தத்துக்குரியதுதான். ஆனால் அந்தக் குறையைச் சரிசெய்யும் பொறுப்பை, சமூகத்திலேயே குறைவாகச் சம்பாதிக்கும் ஒருவரின் கூலியில் கைவைத்து நிறைவேற்றச் சொல்வது எந்த வகையில் நியாயம்? 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி தருகிறது. கைத்தறித் துணி சாதாரண மக்கள் கைக்கு எட்ட வேண்டும் என்று சமூகம் நினைத்தது. அதற்கான செலவில் அரசு மானியமாகப் பங்கேற்கிறது. எளியவருக்கும் எட்ட வேண்டிய பொருளுக்கு எல்லோருமாகச் சேர்ந்து தோள்கொடுப்பதற்கு அது உதாரணம். பனையோலைக்கும் கோரைக்கும் சுடுமண்ணுக்கும் அப்படியொரு ஏற்பாட்டை விரிவாக்கக் கேட்பது நியாயமான கோரிக்கை. முடைபவரைக் குறைக்கச் சொல்வது நியாயமில்லை.

இன்று ஒரு பொருளை மட்டும் எடுங்கள், உங்கள் கடையில் அதிகம் விற்பதை. விலையிலிருந்து கைச்செலவைக் கழியுங்கள். மீதியை உண்மையான மணி நேரத்தால் வகுங்கள். 42க்குக் கீழே வந்தால், அடுத்த ஆர்டரை எடுப்பதற்கு முன் விலையை மாற்றுங்கள், அல்லது அந்தப் பொருளை நிறுத்திவிட்டு நேரம் குறைவாகப் பிடிக்கும் ஒன்றைச் செய்யுங்கள். வாங்குபவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ‘கொஞ்சம் குறைக்க முடியுமா?’ என்று தட்டச்சு செய்யும் முன், ‘இதைச் செய்ய எத்தனை மணி நேரம் ஆயிற்று?’ என்று கேளுங்கள்.